உடுக்குக்குத் தோல் மாத்திக் கட்டுறவங்க யாரும் இருக்கிறாங்களா?

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம், படுவான்கரையில எங்கட ஊர் கண்ணகை அம்மன் கோயில் வைகாசிச் சடங்கு நெருங்கிட்டு. கண்ணகி கதையைச் சொல்லுற வழக்குரை பாட இருக்கிற உடுக்கு சத்தமே எழும்புதில்லை.

மரத்தில கடைஞ்ச பழைய உடுக்கு. மார்கழி மழைக்குப் பிறகுதான் இப்படி. ஒரு பக்கத் தோல் தொய்ஞ்சு, வளையத்தோட சேருற இடத்தில கீறலும் விட்டிருக்கு. நடுக்கயிற்றை எவ்வளவு இறுக்கிப் பிடிச்சாலும் 'டப்' எண்டு அமுங்கின சத்தம்தான். வெயில்ல வைச்சம், தணல்ல காட்டினம். கொஞ்ச நேரம் நல்லாப் பேசும், பிறகு பழையபடி. டவுன்ல ஒரு கடையில பிளாஸ்டிக் தோல் போடலாம் எண்டாங்க. சடங்கு செய்யிற கட்டாடியார் வேணாமெண்டுட்டார், எனக்கும் மனமில்லை.

மைக் வைச்சுச் சமாளிங்க எண்டு தயவுசெய்து சொல்லாதீங்க. கோவலன் கொலைப்பட்டு, மதுரை எரிஞ்ச கதையைப் பாடி, கடைசியில அம்மன்ட கோபம் ஆறக் குளிர்த்தி பாடுற சடங்கு இது. உடுக்கு சோர்ந்தாப் பாடுறவரும் சோர்ந்துடுவார்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் சடங்குக்குக் கோயில் கதவு திறக்க முதல் இதுக்குத் தோல் கட்டித் தரக்கூடியவங்க எந்த ஊர்ல இருக்கிறாங்க?