கோவை மில் கட்டடங்கள் கலை மையம் ஆகலாமா?

வரைபடம்:
1888-இல் தொடங்கிய ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில் உட்பட நம்ம ஊர் என்டிசி (மத்திய அரசின் தேசிய ஜவுளிக் கழகம்) மில்கள் 2020 ஊரடங்கில் நின்ற பிறகு பழையபடி ஓடவே இல்லை. அதில் ஒன்றையாவது மக்களுக்கான கலை மையமாக மாற்ற வேண்டும். பிரேசிலின் சாவோ பாவுலோவில் பழைய இரும்பு டிரம் தொழிற்சாலையை இடிக்காமல் அப்படி மாற்றியிருக்கிறார்கள், செஸ்க் பொம்பேயா என்று பெயர், 1982-இல் திறந்தது. நூலகம், நாடக அரங்கு, மண்பாண்டப் பட்டறை, சாப்பாட்டுக்கூடம் எல்லாம் அந்தச் செங்கல் கொட்டகைகளுக்குள்ளேயே.

சிங்காநல்லூர்:
வேலை செய்தவங்களுக்கு என்ன வழின்னு முதலில் சொல்லுங்க அண்ணா. எங்கப்பா ஒரு மில்லில் ரிங் ஃபிரேம் என்ற நூற்பு இயந்திரத்தில் நின்றவர். அவருக்கு அது அழகான செங்கல் சுவர் இல்லை, மூன்று ஷிப்ட், சங்கு, காதை அடைக்கிற சத்தம். மில் திரும்ப ஓடணும், இல்லையென்றால் தொழிலாளிகளுக்கு வரவேண்டிய பாக்கி முழுசாகக் கைக்கு வரணும், நாடகமெல்லாம் அப்புறம். மும்பையில் 1991 விதி மில் நிலத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளிக்கும் ஒரு பங்கை வீட்டுவசதிக்கும் கொடுக்கச் சொன்னது. 2001-இல் கட்டடமில்லாத காலி இடத்துக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு என்று சுருக்கிவிட்டார்கள். கலை மையம்னு இங்கே கதவைத் திறந்தாலும் பின்னாடியே மால் வரும்.

வரைபடம்:
பாக்கி முதலில் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மும்பையில் பறிபோனது நிலம், கட்டடத்தைக் காப்பாற்றியதால் யாருக்கும் நஷ்டம் வரவில்லையே. பொம்பேயாவை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லீனா போ பார்டி அந்தப் பழைய தொழிற்சாலைக்கு இரண்டாவது முறை போனது ஒரு சனிக்கிழமை, ஓட்டைக் கூரை வழியாக மழை ஒழுக அதன் அடியில் பசங்க பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள், ஒரு பக்கம் பொம்மலாட்டம், ஒரு பக்கம் குடும்பங்கள் சமைத்துக்கொண்டு. இந்தச் சந்தோஷம் இப்படியே தொடரணும் என்று முடிவுசெய்து, அதற்கேற்ற மாதிரிதான் வேலையையே ஆரம்பித்தார்.

பஞ்சுமூட்டை:
இரண்டு பேருமே பணத்தை விட்டுட்டீங்க. பொம்பேயாவை நடத்துகிற செஸ்க் அமைப்பு நடப்பதே அங்குள்ள வணிக நிறுவனங்கள் சம்பளப் பட்டியலில் 1.5 சதவீதம் கட்டாயமாகக் கட்டுவதால்தான். மாதாமாதம் வரும் அந்தப் பணம் இல்லாமல் இங்கே ஆரம்பித்தால், திறப்பு விழா முடிந்த இரண்டாம் வருஷமே கல்யாண மண்டபமாக வாடகைக்கு விடுவார்கள்.

சிங்காநல்லூர்:
இதுதான் என் பயமும். சரி, பாக்கியெல்லாம் தீர்ந்து, பணத்துக்கும் நிரந்தர ஏற்பாடு ஆனால் நான் எதிர்க்கவில்லை. ஆனால் நிர்வாகக் குழுவில் பழைய மில் தொழிலாளிகள் இருக்கணும், அங்கே நூல் நூற்ற யாரும் கேட்டில் டிக்கெட் வாங்கி உள்ளே போகக் கூடாது.