பிரெஸ்ட் நகரில் சேர்ந்து நின்றார்களா? ஸ்டாலினும் ஹிட்லரும் ஒன்று என்பவர்களுக்கு

செங்கரிசல்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: “கம்யூனிசமும் பாசிசமும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். 1939 செப்டம்பர் 22இல் போலந்தின் பிரெஸ்ட் நகரில் நாஜிப் படையும் சோவியத்தின் செம்படையும் சேர்ந்தே அணிவகுப்பு நடத்தின. இதற்கு மேல் சான்று எதற்கு?” படித்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை.

போலந்துக்குள் இரு பக்கமிருந்தும் நுழைந்த படைகள் நகரைக் கைமாற்றிய சடங்குதான் அங்கே நடந்தது. எல்லைக்கோட்டின்படி பிரெஸ்ட் சோவியத் பக்கம் என்று முடிவாகியிருந்தது. கோட்டைத் தாண்டி வந்துவிட்ட ஜெர்மானியர்கள் வெளியேற வேண்டும், சோவியத் படை உள்ளே வர வேண்டும். ஒரு படை போனது, இன்னொரு படை வந்தது, அவ்வளவுதான்.

சோவியத் தரப்பில் நின்றவர் யார் தெரியுமா? செம்யோன் கிரிவோஷெயின். யூதர். 1936இல் ஸ்பெயினுக்குப் போய், பாசிச ஆதரவுத் தளபதி பிராங்கோவின் படைக்கு எதிராக மாட்ரிட்டைக் காக்க டாங்கிகளை நடத்தியவர். 1945இல் பெர்லினுக்குள் நுழைந்தவர்களிலும் அவர் உண்டு. அந்த மனிதரை நாஜிகளின் கூட்டாளி என்று எழுத எப்படிக் கை வந்தது?

கூர்வாள்:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம்.

கிரிவோஷெயின் யூதர் என்பது எனக்கும் தெரியும். அப்படிப்பட்டவரை ஜெர்மன் தளபதி குடேரியன் பக்கத்தில் நிற்கவைத்து ஜெர்மன் கொடிக்கு மரியாதை செய்ய வைத்தது எந்த அரசு? அதற்குப் பதில் சொல்லுங்கள். இருவரும் ஒரே மேடையில் நிற்கும் புகைப்படங்கள் இருக்கின்றன. ஜெர்மன் செய்திப்படமும் இருக்கிறது. குடேரியன் தன் நினைவுக் குறிப்பிலேயே அணிவகுப்பும் கொடி மாற்றமும் நடந்ததாக எழுதியிருக்கிறார். நீங்கள் “கைமாற்றம்” என்று எத்தனை தடவை சொன்னாலும் அந்த மேடை மறையாது.

அதற்கு ஒரு மாதம் முன்னால் ஆகஸ்ட் 23 இரவு மாஸ்கோவில் என்ன நடந்தது? ஜெர்மனியும் சோவியத்தும் ஒன்றையொன்று தாக்காது என்ற ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஹிட்லரின் உடல்நலத்துக்காக ஸ்டாலின் கோப்பையை உயர்த்தினார். ஜெர்மன் தரப்புப் பதிவில் அது இருக்கிறது. கூடவே ரகசிய இணைப்பு ஒன்று: போலந்தில் நாரேவ், விஸ்துலா, சான் ஆறுகளை ஒட்டி ஒரு கோடு. பின்லாந்து, எஸ்தோனியா, லாத்வியா சோவியத் பங்குக்கு. இப்படி ஒரு தாள் இல்லவே இல்லை என்று 1989 வரை சாதித்தார்கள்.

செங்கரிசல்:
குடேரியனை நம்புவீர்கள், கிரிவோஷெயினை நம்ப மாட்டீர்கள். நாஜித் தளபதி சொன்னால் வேதவாக்கு. கிரிவோஷெயினும் நினைவுக் குறிப்பு எழுதியிருக்கிறார். கூட்டு அணிவகுப்புக்குத் தான் சம்மதிக்கவில்லை, ஜெர்மானியர்கள் வெளியேறும்போது தம் படை உள்ளே வரும் என்றுதான் ஏற்பாடு என்கிறார். அதைப் படித்தீர்களா?

ஆகஸ்ட் 23க்கு முன்னால் உங்கள் நாட்காட்டியில் தேதியே கிடையாதா? 1938 செப்டம்பர் கடைசியில் மியூனிக்கில் யார் கையெழுத்துப் போட்டார்கள்? பிரிட்டனின் சேம்பர்லேன், பிரான்சின் தலாதியே, ஹிட்லர், இத்தாலியின் முசோலினி. செக்கோஸ்லோவாகியாவின் நிலத்தை வெட்டிக் கொடுக்கும் மாநாட்டில் அந்த நாட்டுக்கே இருக்கை இல்லை. சோவியத்தையும் அழைக்கவில்லை. அடுத்த சில நாட்களில் செக் பக்கமிருந்த டெஷன் பகுதியைப் பிடுங்கிக்கொண்டது எந்த நாடு? நீங்கள் கண்ணீர் விடுகிற அதே போலந்து.

1939 ஆகஸ்டில் பிரிட்டனும் பிரான்சும் மாஸ்கோவுக்கு ராணுவத் தூதுக்குழு அனுப்பின. போர் வாசலில் நிற்கிறது, அவர்கள் மெதுவாகப் போகும் கப்பலில் வந்து சேர்ந்தார்கள். தலைமை தாங்கி வந்த அட்மிரல் டிராக்ஸிடம் பேச்சு நடத்த எழுத்துப்பூர்வ அதிகாரம்கூட இல்லை. செம்படை போலந்து வழியாகப் போகலாமா என்று சோவியத் பாதுகாப்பு அமைச்சர் வொரோஷிலோவ் கேட்டார். போலந்து மறுத்தது. ஸ்டாலின் என்ன செய்திருக்க வேண்டும்? தனியாகச் சாக வேண்டுமா? ஒப்பந்தத்தால் இருபத்திரண்டு மாதம் கிடைத்தது. அந்த அவகாசம் இல்லையென்றால் ஐரோப்பாவில் நாஜிக் கொடிதான் பறந்திருக்கும்.

பூவரசு:
இருவருமே பாசிசம் என்றால் என்ன, கம்யூனிசம் என்றால் என்ன என்று சொல்லாமலே அடித்துக்கொள்கிறீர்கள். 1935இல் உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான கம்யூனிஸ்ட் அகிலத்தின் ஏழாவது மாநாட்டில் அதன் தலைவர் திமித்ரோவ் ஒரு வரையறை சொன்னார்: நிதி மூலதனத்தின் ஆகப் பிற்போக்கான பகுதியின் பயங்கரவாத சர்வாதிகாரம் என்று. அது சரியா, தவறா என்று தொடங்கினால் பேச்சு எங்காவது போய்ச் சேரும். மேடையில் யார் நின்றார் என்பதை வைத்து இரண்டு கொள்கைகளை எப்படி ஒப்பிடுவது?

கூர்வாள்:
வரையறை அப்புறம். முதலில் மேடை. கிரிவோஷெயின் அங்கே நின்றாரா, இல்லையா? “நின்றார்” என்று ஒரு சொல் எழுத இவ்வளவு சிரமமா?

அவகாசம் கிடைத்ததாம். அந்த அவகாசத்தில் என்ன செய்தார்கள்? 1940 பிப்ரவரியில் வணிக ஒப்பந்தம் போட்டு, பத்து லட்சம் டன் தானியமும் ஒன்பது லட்சம் டன் எண்ணெயும் ஜெர்மனிக்கு அனுப்ப ஒத்துக்கொண்டார்கள். பிரிட்டனின் கடல் முற்றுகையை ஹிட்லர் தாக்குப்பிடித்ததில் அதற்கும் பங்கு உண்டு. 1941 ஜூன் 22 அதிகாலை தாக்குதல் தொடங்கும் வரை சரக்கு ரயில்கள் எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. ஒரு வாரத்துக்குள் மின்ஸ்க் விழுந்தது. இதுதான் தயாரிப்பா? தயாராகிறவர் தன் உச்சத் தளபதிகளான ஐந்து மார்ஷல்களில் மூன்று பேரைப் போருக்கு முன்பே கொல்வாரா?

1939 அக்டோபரில் சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோட்டோவ் பேசியதையும் படியுங்கள். ஹிட்லரிசத்தை ஒழிக்கப் போர் நடத்துவது குற்றம் என்று பேசினார். அவகாசம் தேடியவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

வடமராட்சி:
கூர்வாள், நீங்கள் ஸ்டாலினை அடிப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஸ்டாலினை அடித்துவிட்டுக் கம்யூனிசத்தை அடித்ததாகக் கதைக்கிறீர்கள், அதுதான் பிழை. அந்த ஒப்பந்தத்தை முதலில் எதிர்த்தவர்களே கம்யூனிஸ்டுகள்தான். இலங்கையில் லங்கா சமசமாஜக் கட்சி ஸ்டாலின் ஆதரவாளர்களை 1940இல் வெளியேற்றியது. அதன் தலைவர்கள் என்.எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா ஆகியோரைப் பிரிட்டிஷ்காரன் அதே வருடம் பிடித்துச் சிறையில் போட்டான். 1942 ஏப்ரலில் கண்டிச் சிறையை உடைத்துக்கொண்டு போனார்கள். ஹிட்லரையும் எதிர்த்தார்கள், பிரிட்டனையும் எதிர்த்தார்கள், ஸ்டாலினையும் எதிர்த்தார்கள். அவர்களை எந்தக் குட்டையில் போடுவீர்கள்?

செங்கரிசல் அவர்களுக்கும் ஒரு கேள்வி. மார்கரெட் பூபர் நொய்மான் என்ற ஜெர்மன் கம்யூனிஸ்ட். கணவர் ஹைன்ஸ் நொய்மானை 1937இல் மாஸ்கோவில் சுட்டுக் கொன்றார்கள். இவரை சோவியத் முகாமில் அடைத்து, 1940இல் நாஜி ரகசியக் காவல்துறையான கெஸ்டபோவிடம் ஒப்படைத்தார்கள். எந்த இடத்தில்? நீங்கள் காப்பாற்றத் துடிக்கிற அதே பிரெஸ்ட் பாலத்தில். அங்கிருந்து நாஜிகளின் ராவன்ஸ்புரூக் முகாமில் ஐந்து வருடம். இதற்கும் “கைமாற்றம்” என்றுதான் பெயர் வைப்பீர்களா?

செங்கரிசல்:
ஸ்டாலினின் எதிரி ட்ராட்ஸ்கியின் ஆட்கள் வந்தாயிற்று. 1956 ஹங்கேரி எழுச்சி பற்றிப் போன மாதம் விவாதித்தபோதும் இப்படித்தான் நடுவில் புகுந்தீர்கள். நான் கேட்ட எதற்கும் பதில் சொல்லாமல் போனீர்கள். நான் மறக்கவில்லை.

நொய்மான் தம்பதிக்கு நேர்ந்தது அநியாயம். அதை வைத்து நாஜியும் சோவியத்தும் ஒன்று என்று தீர்ப்பு எழுத விடமாட்டேன். கூர்வாள் அவர்களே, 1933 மார்ச்சில் நாஜிகள் டாஹாவ் வதைமுகாமைத் திறந்ததும் முதலில் யாரை அடைத்தார்கள்? பெரும்பாலும் கம்யூனிஸ்டுகளை. மே 2ஆம் தேதி தொழிற்சங்க அலுவலகங்களை நாஜிகள் கைப்பற்றினார்கள். ஜெர்மன் கம்யூனிஸ்ட் தலைவர் தேல்மான் பதினொரு வருடம் சிறையில் கிடந்து 1944இல் புக்கன்வால்டு முகாமில் கொல்லப்பட்டார். இத்தாலியில் கம்யூனிஸ்ட் தலைவர் கிராம்சியை 1926இல் கைது செய்தார்கள், 1937இல்தான் விட்டார்கள், விட்ட சில நாட்களில் செத்துப்போனார். ஒரே குட்டை என்றால் ஒரு மட்டை இன்னொரு மட்டையை ஏன் இப்படி வேட்டையாடியது?

போரில் சோவியத் மக்கள் சுமார் 2 கோடியே 70 லட்சம் பேர் இறந்தார்கள். ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் ராணுவத்தின் முதுகெலும்பை முறித்தது யார்? 1945 ஜனவரி 27இல் அவுஷ்விட்ஸ் மரண முகாமின் வாசலைத் திறந்தது யார்? சேம்பர்லேனா? பாசிசம் ஒரு இனத்தை முழுதாக அழிப்பதைக் கொள்கையாக வைத்திருந்தது. கம்யூனிசம் உலகத் தொழிலாளர் எல்லோரையும் ஒன்று சேரச் சொன்னது. இந்த வித்தியாசம் கண்ணில் படாமல் ஒரு மேடையையே பார்த்துக்கொண்டிருப்பவரிடம் என்ன பேசுவது?

கூர்வாள்:
அதாவது நின்றார். சரி, குறித்துக்கொண்டேன்.

காத்தின் படுகொலை? 1940இல் சுமார் 22,000 போலந்துக்காரர்கள், அதிகாரிகளும் காவலர்களும் படித்தவர்களும். சோவியத் ரகசியப் போலீசார் பிடரியில் சுட்டுப் புதைத்தார்கள். பழியை நாஜிகள் மேல் போட்டு 1990 வரை மறுத்தார்கள். செத்த போலந்துக்காரருக்கு எந்தக் கொள்கை சுட்டது என்பதில் என்ன வித்தியாசம்?

தேல்மானைப் பற்றி நீங்கள் பேசுவது வேடிக்கை. சமூக ஜனநாயகவாதிகளைச் “சமூக பாசிஸ்டுகள்” என்று திட்டியது அவருடைய கட்சிதானே? 1932 நவம்பரில் பெர்லின் போக்குவரத்து வேலைநிறுத்தத்தில் நாஜிகளோடு கைகோத்தது யார்? அதே மாதத் தேர்தலில் கம்யூனிஸ்ட், சமூக ஜனநாயகம் என்ற இரண்டு இடதுசாரிக் கட்சிகளின் வாக்கையும் சேர்த்தால் 37 விழுக்காட்டுக்கு மேல். நாஜிகளுக்கு 33தான். சேர்ந்து நின்றிருந்தால் ஹிட்லர் எங்கே இருந்திருப்பார்?

தாமிரபரணி:
எல்லாம் ஐரோப்பாவிலேயே சுற்றுகிறீர்களே, நம் ஊருக்கு வாருங்கள். 1941 ஜூன் வரை இது ஏகாதிபத்தியப் போர். ஹிட்லர் ரஷ்யாவைத் தாக்கியதும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு இது மக்கள் யுத்தம். 1942 ஜூலையில் கட்சி மீதான தடையை வெள்ளைக்காரன் நீக்கினான், ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தைத் தோழர்கள் எதிர்த்தார்கள். ஊரே சிறைக்குப் போனபோது இவர்கள் உற்பத்தியைப் பெருக்கச் சொன்னார்கள். இதை எங்கள் குடும்பம் மறக்காது.

செங்கரிசல்:
தாமிரபரணி அவர்களே, அப்படியானால் 1942 மே மாதம் ஜெர்மனியில் ஹிட்லரைப் போய்ச் சந்தித்தவர் யார்? சுபாஷ் சந்திர போஸ். அவரை நாஜி என்பீர்களா? மாட்டீர்கள், நானும் சொல்ல மாட்டேன். போஸ் கை கொடுத்தால் தந்திரம், சோவியத் கையெழுத்துப் போட்டால் பாசிசமா?

தாமிரபரணி:
நேதாஜியை இதில் இழுக்காதீர்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து அவருடைய இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்த தமிழர்கள் எத்தனை பேர்! அவர்கள் நாட்டுக்காக உயிரை விட்டார்கள். யாருடைய நாட்டையும் ஆற்றோரமாகக் கோடு போட்டுப் பங்கு பிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்காமல் இனி என்னோடு பேச வேண்டாம்.

வடமராட்சி:
நான் கேட்ட பாலத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. “அநியாயம்” என்று ஒரு சொல்லோடு கடந்து போய்விட்டீர்கள். அநியாயத்தைச் செய்தது யார் என்று எழுதுங்கள், பெயரோடு.

செங்கரிசல்:
மன்னிப்பு எதற்கு? நடந்த சந்திப்பைத்தானே சொன்னேன்.

வடமராட்சிக்கும் கூர்வாளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஸ்பெயினில் பாசிசத்தோடு மோத ஆயுதமும் ஆளும் அனுப்பிய பெரிய நாடு சோவியத் ஒன்றுதான். பிரிட்டனும் பிரான்சும் தலையிடாக் கொள்கை என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றன. மாட்ரிட் விழுவதற்கு முன்பே, 1939 பிப்ரவரி 27இல், பிராங்கோவின் அரசை அங்கீகரித்தும் விட்டன. அந்த ஜனநாயகங்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று இருவரும் பேசி முடிவு செய்து எழுதுங்கள். நான் இங்கேதான் இருப்பேன்.