புதுப்பிப்பு: முழங்கால் காந்தப் பட்டி

முழங்கால் உளைவுக்குக் காந்தப் பட்டி கட்டுறதைப் பற்றி முன்னம் போட்ட பதிவில ஒரு திருத்தம். 'இரத்தத்தில இருக்கிற இரும்பைக் காந்தம் இழுக்கும்' எண்ட வரியை எடுத்தாச்சு. ஹீமோகுளோபினில இருக்கிற இரும்பு ஆணி மாதிரிக் காந்தத்தில ஒட்டாது. பட்டி துணியா நிண்டு சூடு தரும், அவ்வளவுதான்.

பேஸ்மேக்கர் (இதயத்துடிப்பைச் சீராக்க நெஞ்சில வைக்கிற கருவி) வச்ச ஆக்கள் காந்தப் பட்டி பாவிக்கலாமோ எண்டு கீழ கேட்ட கேள்விதான் முக்கியம். காந்தத்தை நெஞ்சுக்கு 15 சென்ரிமீற்றருக்குள்ள கொண்டுபோகாதேங்கோ. சேட்டுப் பொக்கற்றில காந்தக் காப்பு வேண்டவே வேண்டாம். கிட்ட வந்தால் பேஸ்மேக்கர் இதயத்தின்ர சொந்தத் துடிப்பைக் கவனியாமல் ஒரே வேகத்தில அடிக்கத் தொடங்கும். ஐ.சி.டி. (ஆபத்தான இதயத்துடிப்பை மின் அதிர்ச்சி குடுத்துத் திருத்துற கருவி) எண்டால் இன்னும் மோசம்: தேவையான நேரத்தில அதிர்ச்சி குடுக்காமல் இருந்திடும்.

பட்டி கிழிஞ்சு உள்ள இருக்கிற காந்த வில்லை கழண்டால் உடனே பொறுக்குங்கோ. பிள்ளை இரண்டை விழுங்கினால் அதுகள் குடல் சுவரை நடுவில நெரிச்சு ஓட்டை போட்டிடும். வயித்துநோ வருமட்டும் பார்த்துக்கொண்டிராமல் நேர யாழ். போதனா வைத்தியசாலைக்கு.