என்சி ஸ்டேட் (நார்த் கரோலினா ஸ்டேட் யுனிவர்சிட்டி) பாஸ்கெட்பால் பார்த்து வளர்ந்தவர்கள் யாரெல்லாம் இருக்கிறீர்கள்?

நானே ஆரம்பிக்கிறேன். அப்பா கோயம்புத்தூரிலிருந்து டெக்ஸ்டைல் மேற்படிப்புக்கு, அந்த யுனிவர்சிட்டி இருக்கிற ராலே ஊருக்கு வந்தவர். பிஎஸ்ஜி கோப்பை ஆட்டமெல்லாம் போய்ப் பார்த்தவர் என்பதால் பாஸ்கெட்பால் அவருக்குப் புதிதில்லை, ஆனால் ஒரு காலேஜ் டீமுக்காக கடைக்காரர், பஸ் டிரைவர், பேராசிரியர் என்று ஊரே சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு திரிவதைப் பார்த்து முதலில் சிரித்தாராம், இரண்டாவது வருடம் அவரே ஒன்று வாங்கிவிட்டார். 1983-ல் காலேஜ் டீம்களின் தேசிய சாம்பியன்ஷிப் ஃபைனலில் ஸ்டேட்டும் ஹூஸ்டனும், ஏப்ரல் 4, திங்கட்கிழமை. ஆட்டம் நடந்தது நியூ மெக்சிகோவில், எங்களுக்கு ஆரம்பிக்கவே ராத்திரி ஒன்பதுக்கு மேல். மறுநாள் ஸ்கூல் இருக்கிறது என்று அம்மா படுக்க வைத்துவிட்டார். கூடத்தில் அப்பாவும் கூடப் படிக்கிறவர்களும். அந்தக் குடியிருப்பில் சுவர் எல்லாம் பேருக்குத்தான், அதனால் ஃபைனலை நான் காதால்தான் பார்த்தேன். முதல் பாதி முழுக்க உற்சாகம், அப்புறம் ஹூஸ்டன் ஏறி வர வர பேச்சே இல்லை, கடைசியில் ஏதோ நாற்காலி விழுந்த சத்தம். அப்பா வந்து என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார், தெருவில் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள், யார் ஜெயித்தது என்று யாரும் எனக்குச் சொல்லவே இல்லை!

ஸ்டேட்தான் ஜெயித்தது, 54-52. கடைசி நொடியில் நம்ம விட்டன்பர்க் ரொம்பத் தூரத்திலிருந்து எறிந்த பந்து ரிம்மைக்கூடத் தொடாமல் கீழே வர, லோரன்ஸோ சார்ல்ஸ் அதைப் பிடித்த கையோடு கூடைக்குள் திணித்தார். எதிரில், பின்னால் என்பிஏ நட்சத்திரங்களான ஒலாஜுவோன், ட்ரெக்ஸ்லர் இருந்த டீம். கோச் வால்வானோ கட்டிப்பிடிக்க ஆள் தேடி கோர்ட்டில் ஓடினாரே, அதைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. எல்லாரும் எழுதுங்கள்.

*

அண்ணே, உங்களுக்கு அந்தக் கடைசிப் பந்து மட்டும் போதும் போல. அந்த டீம் ஃபைனலுக்கு வந்ததே பெரிய கதை. ஜனவரியில் விட்டன்பர்க் காலை முறித்துக்கொண்டார், சீசன் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஏசிசி (ஸ்டேட் ஆடுகிற வட்டார லீக்) டோர்னமெண்டை ஜெயிக்காவிட்டால் என்சிஏஏ என்கிற தேசியப் போட்டிக்கே போயிருக்க முடியுமா என்பது சந்தேகம்தான். வேக் ஃபாரஸ்டை ஒரே பாயிண்டில், பக்கத்து ஊர்ப் பரம எதிரி கரோலினாவை (நார்த் கரோலினா யுனிவர்சிட்டி) ஓவர்டைமில், பெரிய நட்சத்திரம் ரால்ஃப் சாம்ப்ஸன் இருந்த வர்ஜீனியாவை மூன்று பாயிண்டில் ஜெயித்தார்கள். அப்புறம் என்சிஏஏவில் பெப்பர்டைனோடு இரண்டு ஓவர்டைம். பின்தங்கியிருக்கும்போது வேண்டுமென்றே ஃபவுல் செய்து, எதிராளியை ஃப்ரீ த்ரோ போட வைத்து, அவன் தவறவிடுவான் என்று காத்திருப்பது வால்வானோவின் கணக்கு. என் சித்தப்பாவுக்கு இது பிடிக்கவே பிடிக்காது, "இது ஆட்டமா, சூதாட்டமா" என்பார். ஜெயித்த பிறகு மட்டும் பேசவில்லை.

எனக்கு நன்றாக நினைவிருப்பது ஸ்கூல். அப்போதெல்லாம் ஏசிசி டோர்னமெண்ட் வெள்ளிக்கிழமை மதியமே தொடங்கிவிடும். பெரிய டிவியை உயரமான தள்ளுவண்டியில் வைத்து, பெல்ட் போட்டுக் கட்டி, கிளாஸுக்குள் தள்ளிக்கொண்டு வருவார்கள். கணக்கு டீச்சர் கரோலினா ஆள். ஸ்டேட் ஆடும்போது மட்டும் ஒர்க்ஷீட் கொடுப்பார். நார்த் கரோலினாவில் வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும் அந்தத் தள்ளுவண்டி நினைவிருக்கும்.

*

நான் சென்னையில் வளர்ந்தவள், கல்யாணத்துக்கு அப்புறம்தான் இந்தப் பைத்தியம் வீட்டுக்குள் வந்தது, அதனால் சொல்வது என் கணவரின் சின்ன வயசுக் கதை. அவர் ராலேக்காரர். ஸ்டேட் ஆடிய பழைய ரெனால்ட்ஸ் கொலிசியம் அரங்கத்துக்கு மாமனார் கூட்டிக்கொண்டு போவாராம். ஏசி கிடையாது, பன்னிரண்டாயிரம் பேர், குளிர்காலத்தில் கோட்டோடு உள்ளே போய் வியர்த்து வழிந்து வெளியே வருவார்களாம். மேலே சத்தத்தை அளக்கிற விளக்கு வரிசை ஒன்று உண்டு, கத்தக் கத்த விளக்கு ஏறும். எல்லா விளக்கையும் ஏற்றிவிட வேண்டும் என்று என் கணவர் தொண்டை கட்டும்வரை கத்தியிருக்கிறார். அது நிஜ மீட்டரே இல்லை, கீழே ஒருவர் உட்கார்ந்து சுவிட்ச் போட்டுக்கொண்டிருந்தார் என்று மாமனார் இப்போதும் அடித்துச் சொல்கிறார். என் கணவர் நம்புவதாக இல்லை.

மாமனாருக்கு 83 எல்லாம் நேற்றுப் பிறந்தது. அவருக்கு 1974-ம் வருட டீம்தான். ஸ்டேட்டின் நட்சத்திரம் டேவிட் தாம்ப்ஸன் காலம். பந்தை மேலிருந்து கூடைக்குள் திணிக்கிற டங்க்கையே காலேஜ் ஆட்டத்தில் தடை செய்திருந்த நேரம் அது, அதனால் தாம்ப்ஸன் ரிம்முக்கு மேலே வரை எழும்பி, பந்தை மெதுவாக உள்ளே விட்டுவிட்டு இறங்குவார். அந்த வருடம்தான் கிரீன்ஸ்போரோவில் இரண்டு ஓவர்டைம் ஆடி யுசிஎல்ஏவைத் தோற்கடித்தார்கள். அதற்கு முந்தின ஏழு வருடமும் யுசிஎல்ஏதான் சாம்பியன். மாமனார் இதைச் சொல்லும்போது சாப்பாட்டு மேஜையில் அந்த டீம் ஆட்டக்காரர்கள் வந்துவிடுவார்கள், உப்பு டப்பா பர்ல்ஸன், மிளகு டப்பா டவ். ஏழடிக்கு மேலே ஒருவர், ஐந்தடி ஏழங்குலம் ஒருவர், பொருத்தம் சரிதான்.

*

வால்வானோவைப் பற்றி ஒன்று. 93 பிப்ரவரியில், 83 டீமுக்குப் பத்தாவது வருட விழா என்று ரெனால்ட்ஸுக்கு வந்தார். புற்றுநோய் முற்றியிருந்தது. நான் அப்போது ஆறாவது. அப்பாவின் நண்பர் கொடுத்த டிக்கெட், கூரையைத் தொடுகிற வரிசை. அவ்வளவு தூரத்திலிருந்து முகம் தெரியாது, குரல் மட்டும்தான், நோயாளியின் குரல் மாதிரியே இல்லை. எனக்கு முன் சீட்டில் கனத்த உடம்பு ஆள் ஒருவர், ஆட்டம் முழுக்க ரெஃப்ரியை வைதுகொண்டிருப்பவர், தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். அடுத்த இரண்டு வாரத்துக்குள் டிவியில் பேசிய பேச்சுதான் உலகத்துக்குத் தெரியும். ஏப்ரல் கடைசியில் போய்விட்டார், 47 வயசு.

*

எல்லாரும் ஆண்கள் டீமையே எழுதுகிறீர்களே, கே யாவ் என்று ஒருவர் இருந்தது யாருக்கும் நினைவில்லையா? 75-லிருந்து 2009-ல் இறக்கும்வரை பெண்கள் அணிக்கு அவர்தான் கோச். 88 ஒலிம்பிக்ஸில் அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர். எங்கள் வீட்டில் ஆண்கள் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்க வசதி இல்லை, பெண்கள் ஆட்டத்துக்கு மலிவாகக் கிடைக்கும், முன் வரிசையிலேயே உட்காரலாம். ஷூ தரையில் கீச்சிடுவது, கோச் சொல்வது எல்லாம் கேட்கும். அவர் கத்தி நான் கேட்டதில்லை. 98-ல் சாஸிட்டி மெல்வின் இருந்த டீம் ஃபைனல் ஃபோர் (தேசியப் போட்டியின் கடைசி நான்கு டீம்) போனபோது, இரட்டைச் சடையோடு ஒரு தமிழ்ப் பெண் ராலே டிரைவ்வேயில் இருட்டும்வரை இடது கை லே-அப் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா ஜன்னலைத் திறந்து, "பந்து சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து முழங்கையை உள்ளே வை என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆண்கள் அணி 99-ல் பெரிய அரங்கத்துக்குப் போய்விட்டது, ரெனால்ட்ஸ் இப்போது பெண்களுடையது, கோர்ட்டுக்கு அவர் பெயர்.

*

2024 யாரும் சொல்லவில்லையே? ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்து, 87-க்கு அப்புறம் முதல் ஏசிசி பட்டம், அதுவும் ஃபைனலில் கரோலினாவை. வர்ஜீனியாவோடு செமிஃபைனலில் ஓ'கானல் கடைசி நொடியில் போர்டில் பட்டு விழுந்த மூன்று பாயிண்ட் போட்டபோது என் பையன் சோபாவிலிருந்து என் மேல் குதித்தான். அதே வருடம் ஆண்கள், பெண்கள் இரண்டு அணியும் ஃபைனல் ஃபோர். 83-ல் விட்டன்பர்க் எறிந்தது ஷாட்டா பாஸா என்று அவனிடம் கேட்டேன், வீடியோவை ஒரு தடவை பார்த்துவிட்டு "ஷாட், மோசமான ஷாட்" என்றான். அப்பா இன்னும் பாஸ் என்கிறார், தீபாவளிக்கு வரும்போது ரெண்டு பேரும் பேசிக்கொள்ளட்டும்.