லயத்துக் கூரை ஒன்றுதான்: மாசிக்குள் செய்யவேண்டிய வேலை

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

மூன்று வாரம் ஊரில் அம்மாவோடு இருந்துவிட்டு போன கிழமைதான் தோஹா திரும்பினேன். நம் தோட்டத்து லயங்களின், அந்த வரிசை வீடுகளின், தகரக் கூரை விசயமாக உங்கள் எல்லோரிடமும் பேசவேண்டியிருக்கிறது.

போய் இறங்கிய முதல் ராத்திரியே அடுப்படியில் இரண்டு சட்டி, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பேசன். வெளியே மழை இல்லை. வானம் நிறைய நட்சத்திரம், புல்லெல்லாம் பனி. ஆனாலும் தகரம் சொட்டிக்கொண்டிருந்தது. "தகரம் ஓட்டையாப் போச்சுப்பா, தார் வாங்கிக் குடு" என்றார் அம்மா. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓட்டை எதுவும் தெரியவில்லை, தகரத்தின் அடிப்பக்கம் முழுக்க வியர்த்திருந்தது. அடுப்புக் கரியோடு சேர்ந்து பழுப்பு நிறத்தில் வழிந்து சட்டத்தில் நின்று சொட்டியது.

மேகம் இல்லாத ராத்திரியில் தகரம் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். சோற்றுப்பானை ஆவியும் ஐந்து பேர் மூச்சும் அதில் பட்டுத் தண்ணீராகிறது. குளிருக்குப் பயந்து சுவருக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள இடைவெளியையெல்லாம் உரச்சாக்கு வைத்து அடைத்திருக்கிறோம், ஆவி வெளியே போக வழியில்லை. மேலே எத்தனை வாளி தார் பூசினாலும் இது நிற்காது. அடுப்படிப் பக்கத்துச் சாக்கை மட்டும் எடுத்துவிட்டேன். மறுநாள் ராத்திரி ஒரு சட்டி போதுமாக இருந்தது. அதனால் வீட்டிலிருந்து "ஒழுகுது" என்று போன் வந்தால், பணம் அனுப்புவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: மழை பெய்யும்போதா, மழை இல்லாத ராத்திரியிலா?

மழையில் ஒழுகுவது வேறு கதை. வெயில் வந்து தகரம் காய்ந்த பிறகு மேட்டு லயத்து மாமாவோடு ஏறினேன். "ஆணி போற வரிசையில மட்டும் கால வையி தம்பி, அடியில அங்கதான் சட்டம் இருக்கு" என்று மூன்று தடவை சொல்லித்தான் ஏறவிட்டார். ஆடிக் காற்றுக்குத் தகரம் பறக்காமல் இருக்க நம் அப்பாமார் வைத்த கல்லும் டயரும் இன்னும் அப்படியே கிடக்கின்றன. ஒரு கல்லைப் புரட்டினேன். அடியில் ஈரப்பாசி, பாசிக்குக் கீழே செந்துரு. விரலால் தொட்டேன், விரல் உள்ளே போய்விட்டது. சுற்றிலும் ஒரு அடி தள்ளித் தகரம் நன்றாகவே இருந்தது. தகரத்தின் மேலுள்ள துத்தநாகப் பூச்சு நனைந்து காய்ந்தால் பல வருசம் தாங்கும், எப்போதும் ஈரமாகவே கிடந்தால் கரைந்துபோகும். காற்றுக்குப் பயமிருந்தால் இறவாரத்திலும் முகட்டிலும் ஆணியை நெருக்கமாகப் போடுவோம், கல் வேண்டாம்.

ஆணிகளைப் பார்த்தால் பத்துக்கு ஆறு ஆடுகிறது. விடியற்காலைக் குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் நடுவில் பத்தடித் தகரம் ஒன்றரை மில்லிமீட்டர் வரை நீளும், சுருங்கும். தினமும் இப்படி இழுபட்டு ஆணித்துளை முட்டை வடிவமாகிவிட்டது, ஆணித்தலைக்கு அடியிலுள்ள வாசர் வெடித்துவிட்டது. நாம் ஓட்டை என்று நினைத்த பல ஒழுக்குகள் இவைதான். முழுத் தகரத்தையும் மாற்றத் தேவையில்லை. பழைய ஆணியைப் பிடுங்கி, அதைவிடக் கொஞ்சம் தடித்த, ரப்பர் வாசர் உள்ள ஸ்க்ரூ ஆணியை மேட்டு வளைவில் போட்டால் போதும். ரப்பர் இலேசாகப் பிதுங்கியதும் நிறுத்தவேண்டும். அதற்குமேல் இறுக்கினால் தகரம் பள்ளமாகி அதிலேயே தண்ணீர் நிற்கும்.

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். 2019இல் லயத்தில் அம்மா இருக்கும் காம்பராவுக்கு, அதாவது அந்த ஒரு வீட்டுக்கு மட்டும், எட்டுத் தகரம் மாற்றப் பணம் அனுப்பினேன். புதுத் தகரத்தின் வளைவும் பழையதின் வளைவும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அம்மா வீடு நனையாமல் போனது, பக்கத்துக் காம்பராவின் சுவரோரம் நனையத் தொடங்கியது. அந்த வீட்டுச் சித்தி இத்தனை வருசமாக அந்த மூலையில் ஒரு துணிகூட வைப்பதில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதுமில்லை. நானாக மேலே ஏறிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

பன்னிரண்டு காம்பரா, கூரை ஒன்று. நாம் தனித்தனியாகப் பணம் அனுப்பி அவரவர் வீட்டுக்கு மேல் மட்டும் ஒட்டுப்போடுகிறோம், அந்த ஒட்டுகள் சேரும் இடங்களில்தான் தண்ணீர் இறங்குகிறது. இந்த வருசம் பணத்தை ஒன்றாகப் போட்டு, ஒரு லயத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் முடிப்போம். எங்கள் லயத்திலிருந்து தொடங்கவேண்டும் என்றில்லை. பள்ளத்து லயம் இன்னும் மோசம், அதை முதலில் எடுத்தால் எனக்குச் சந்தோசம்.

காலம் முக்கியம். மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் நம்ம பக்கம் கூரை காயவே காயாது. மாசியில் காமன் கூத்துத் திருவிழாவுக்குக் காமன் ஊன்றும் நாட்கள்தான் சரியான நேரம். முதலில் கூரைத் தண்ணீர் வடியும் பீலியைச் சுத்தம் செய்யவேண்டும், சவுக்கு இலை விரற்கடை உயரத்துக்கு மக்கிக் கிடக்கிறது. பீலி நிரம்பி வழிகிற தண்ணீரெல்லாம் லயத்துக்குப் பின்னாலுள்ள மண்மேட்டில் இறங்குகிறது. 2014 அக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியதைப் பார்த்தவர்கள் நாம், அந்தத் தண்ணீரை இப்படியே விடக்கூடாது.

பெயின்ட் விசயத்திலும் கவனம் வேண்டும். துருப்பிடித்த இடத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து, கழுவி, காயவைத்து ரெட் ஆக்சைட் பூசலாம். பளபளக்கும் புதுத் தகரத்தில் நேரடியாக எனாமல் பூசினால் துத்தநாகத்தோடு ஒட்டாமல் தோல் தோலாக உரியும், அதற்கென்று உள்ள பிரைமர் வேண்டும். தகரத்தைக் கிரைண்டரால் வெட்டவும் விடாதீர்கள். தீப்பொறி பட்ட இடத்தில் பூச்சு கருகிவிடும், பறந்த இரும்புத்தூள் நாலே நாளில் துருப்புள்ளியாகும். கத்தரியால் வெட்டட்டும், ட்ரில் போட்ட தூளை அன்றைக்கே கூட்டித் தள்ளட்டும்.

மாமாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, அவரை இனிமேல் ஏறவிடக்கூடாது. அவர் கீழே நின்று சொல்லட்டும், ஏறுகிற பையன்களுக்கு நாள்கூலி கொடுப்போம், நடப்பதற்கு நீளப் பலகை வாங்கிக் கொடுப்போம். தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவிக்கும் கடிதத்தை நான் எழுதி அனுப்புகிறேன்.

காமன் கூத்துக்கு ஊருக்குப் போகிறவர்கள் யார் யார் என்று இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். எந்த லயத்தை முதலில் எடுப்பது என்பதையும் சொல்லுங்கள். போகிறவர்கள் பழைய தகரத்தில் ஒரு சாண் துண்டு வெட்டிக் கடைக்குக் கையோடு கொண்டுபோனால் வளைவு பொருந்துகிறதா என்று வைத்துப் பார்த்தே வாங்கலாம். என் பங்கை மாத முதலில் போட்டுவிடுகிறேன்.