ஆவணி வெயிலும் பற்றறியும்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

ஓமந்தையான்

நிசான் லீஃப் மின்சாரக் கார், 24 கிலோவாட் மணி மாடல், பற்றறியின் நலத்தைக் காட்டுகிற பன்னிரண்டு பாரில் ஒன்பது மிச்சம். போன ஆவணியில் வவுனியாவில் இருந்து முல்லைத்தீவுக்கு ஒரு செத்த வீட்டுக்குப் போனேன். புறப்படும்போது திரையில் இன்னும் 112 கிலோமீற்றர் ஓடலாம் என்று இருந்தது. மாங்குளத்தில் வலப்பக்கம் திரும்பும்போது 51. ஏசியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஐம்பதிலேயே ஓட்டினேன். ஒட்டுசுட்டான் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் எண் போய் வெறும் கோடு வந்தது. முள்ளியவளைக்குக் கிட்ட, சார்ஜ் தீரப்போகிறது என்கிற ஆமை விளக்கும் வந்துவிட்டது. வைத்திருக்கிறவர்களுக்கு அந்த ஆமையைத் தெரியும்.

படலையில் நின்ற ஒரு ஐயா, "உள்ள விடுங்கோ தம்பி" என்றார். விறாந்தைப் பிளக்கில் கேபிளைக் கொழுவினேன். சிவப்பு விளக்கு. கழற்றி மாட்டினேன், குசினிப் பிளக்கில் போட்டேன், அதே சிவப்பு. ஐயா ஒன்றும் பேசாமல் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து, மீற்றர் பெட்டிக்குக் கீழே எர்த் கம்பி இறங்குகிற இடத்தில் ஊற்றினார். வெடித்துக் கிடந்த மண் அதை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. இரண்டாவது வாளி ஊற்றி முடிய, பச்சை எரிந்தது.

எங்கள் வீடுகளில் எர்த் என்பது அவரவர் வளவில் அடித்த கம்பிதான். மண் காய்ந்தால் தடை ஏறிவிடும். கேபிள் அதை அளந்து பார்த்துத்தான் மறுத்திருக்கிறது. ஐயாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ஆவணி வந்தால் கிரைண்டர் சுள்ளெண்டு அடிக்கும், தண்ணி ஊத்தினால் நிக்கும்" என்றார்.

என்னை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. வீட்டுக்கு வந்து என் எர்த் கம்பியைப் போய்ப் பார்த்தேன். வயரைப் பிடிக்கிற கிளிப் கையில் பொடியாக வந்தது. அந்த வீட்டில்தான் மனைவி ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொடுகிறா.

கரைச்சிப் பொடியன்

என்னுடையது சின்னக் கதை. 2022 பங்குனி, கறண்ட் வெட்டு ஒரு நாள் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் போன காலம். தங்கச்சி சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். மேசை லைட்டுக்கு என்று 20000 மில்லி அம்பியர் மணி போட்ட பவர் பாங்க் ஒன்று வாங்கினேன். இரண்டாம் நாள் ஒன்றரை மணித்தியாலத்தில் அணைந்தது. ஸ்குரூ டிரைவரால் நெம்பித் திறந்தேன். ஒரேயொரு செல். பாரம் காட்டுவதற்காகப் பக்கத்தில் ஒரு பொலித்தீன் பை ஒட்டியிருந்தது. அது கிழிந்து தங்கச்சியின் கணக்குக் கொப்பி மேல் மணல் கொட்டியது. நல்ல வெள்ளை மணல். அவள் பேசாமல் கொப்பியைத் தட்டிவிட்டு குப்பி விளக்கைக் கொளுத்தினாள்.

அந்த மணலை இன்னும் ஒரு போத்தலில் வைத்திருக்கிறேன்.

மல்லாவி ரீச்சர்

தம்பி, மணல் இல்லாத நல்ல பவர் பாங்க்கிலும் 20000 முழுதாக வராது. அந்த எண் உள்ளே இருக்கிற செல்லுடைய 3.7 வோல்ற்றுக்கு. ஃபோனுக்கு 5 வோல்ற்றாக மாற்றும்போது 14800. மாற்றுவதில் போகிற இழப்பு வேறு. 74 வாட் மணி என்று பெரிதாக அச்சடித்தால் ஒருவரும் ஏமாற மாட்டார்கள். பிள்ளைகளுக்கு இதை வகுப்பில் பலகையில் போட்டுக் காட்டுவேன்.

என் கதை மின்சார ஸ்கூட்டர். இரவு ஏழரை, முறிகண்டிக்கு வடக்கே, ஏ9 நெடுஞ்சாலையில் மாடுகள் படுத்திருந்தன. தார் சூட்டுக்கு அவை படுக்கும், எல்லோருக்கும் தெரிந்ததுதான். பழைய மோட்டார் சைக்கிள் என்றால் சத்தத்துக்கே தலையைத் தூக்கும். இதற்கு ஒன்றும் அசையவில்லை. பிரேக் பிடித்து நின்றபோது ஒரு நாம்பனின் மூச்சு என் காலில் பட்டது. அது அப்போதுதான் கண்ணைத் திறந்து பார்த்தது. அன்றிலிருந்து இருட்டினால் ஹோர்ன் அடித்தபடியேதான் போகிறேன். புகை இல்லை, சத்தம் இல்லை என்று விளம்பரம் செய்கிறவர்கள் ஒரு இரவு இந்த றோட்டில் ஓடிப் பார்க்க வேண்டும்.

நெடுங்கேணி மெக்கானிக்

என்னிடம் வந்த ஒரு லீஃப், வாங்கும்போது பன்னிரண்டு பார். மூன்று மாதத்தில் ஒன்பது. விற்றவர் வண்டிக் கம்ப்யூட்டரில் இருந்த பற்றறிக் கணக்கை ரீசெட் பண்ணிக் கொடுத்திருக்கிறார். வாங்கின பொடியன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு இருந்ததை மறக்க முடியவில்லை, லோன் எடுத்து வாங்கினது.

சரி, ஓமந்தையானுக்கு. அந்த 112 பொய் இல்லை. அதற்கு முதல் நீங்கள் டவுனுக்குள் நாற்பதில் ஓடியதை வைத்து வண்டி போட்ட கணக்கு அது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 50இல் இருந்து 80க்குப் போனால் இரண்டரை மடங்கு. ஏ9இல் ஏறினதும் அந்தக் கணக்கு செல்லாது.

ஒன்பது பார் என்றால் முக்கால் பங்குகூட மிச்சமில்லை. முதல் பார் போகும்போதே 15 வீதம் போயிருக்கும், பிறகு ஒவ்வொன்றும் ஆறு வீதத்துக்குச் சற்று மேல். லீஃபின் பற்றறியைக் குளிர்ப்பிக்க உள்ளே தண்ணீரும் ஓடாது, ஃபானும் இல்லை. டெஸ்லா மொடல் எஸ் 2012இல் வரும்போதே குளிர்திரவத்தோடு வந்தது. 2010 கடைசியில் விற்பனைக்கு வந்த லீஃபுக்கு அது இல்லை. 2012இலேயே அமெரிக்காவில் அரிசோனாப் பாலைவனக்காரர்கள் பார் விழுகிறது என்று முறையிட்டார்கள். 2015 மாடலில்தான் வெப்பம் தாங்குகிற செல் போட்டார்கள். யப்பான் குளிரில் ஓடின வண்டியை எங்கள் வெயிலுக்குள் கொண்டுவந்து விடுகிறோம், அதை யோசியுங்கள்.

ஆகவே வாங்குகிறவர்கள் பாரைப் பார்த்து வாங்க வேண்டாம். ஃபோன் ஆப் காட்டுகிற ஆரோக்கிய வீதமும் ரீசெட்டுக்குப் பிறகு கொஞ்ச நாள் ஏமாற்றும். முழுச் சார்ஜில் ஒரே வேகத்தில் 40 கிலோமீற்றர் ஓட்டி எவ்வளவு இறங்கியது என்று எழுதுங்கள், அதை மாற்ற ஒருவராலும் முடியாது. வாங்கின பிறகு வேப்பமர நிழலில் விடுங்கள். முழுதாக ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்த வேண்டாம். ஓடி வந்த சூட்டோடு கொழுவாமல் விடியப்புறம் சார்ஜ் போடுங்கள். அன்றாட ஓட்டத்துக்கு எண்பது வீதம் காணும். அப்புறம் எர்த்துக்குத் தண்ணீர் ஊற்றுவது ஒரு நாள் வைத்தியம். இரண்டாவது கம்பி ஒன்றை ஈரம் இருக்கிற ஆழத்துக்கு, கிணற்றடிப் பக்கமாக அடித்து இரண்டையும் இணையுங்கள்.

ஓமந்தையான்

அண்ணை, பற்றறிக்கு வயது போனது தெரிந்துதான் ஓட்டுகிறேன். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் திறந்தார்கள், நடுவில் வேறு என்ன வாங்குவது? நான் எழுதினது பற்றறியைப் பற்றி இல்லை, அந்த எர்த் கிளிப்பைப் பற்றி. இரண்டாவது கம்பி அடித்துவிட்டேன். ஐயா வீட்டிலும் ஒன்று அடித்துக் கொடுக்க இந்தச் சனிக்கிழமை போகிறேன். காசு வாங்க மாட்டேன் என்றவர், இதை மறுக்க மாட்டார்.

புதுக்குடியிருப்பு

வெயில், பற்றறி என்றதும் எழுத வேண்டும் போல இருந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையில் ரோச் லைட் பற்றறி வன்னிக்குள் வர விடவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி ரேடியோச் செய்தி கேட்டோம். யாரிடமாவது பழைய பற்றறி இருந்தால் அம்மா அதைக் கிணற்றுக்கட்டில் வெயில் காய வைப்பா. சூட்டில் கொஞ்சம் உயிர் வரும், ஒரு செய்தி கேட்கக் காணும். உலர் பற்றறிக்கு அது உண்மையாகவே வேலை செய்யும்.

போன மாதம் தம்பி அனுப்பின சார்ஜ் ரோச் மங்கத் தொடங்கியது. நான் வேலையால் வந்து பார்க்கிறேன், உள்ளே இருந்த தட்டையான லிதியம் பற்றறி கிணற்றுக்கட்டில் கிடக்கிறது. அப்பளம் மாதிரி ஊதி, இனிப்பான ஒரு இரசாயன மணம். நீட்டுத் தடியால் மண் வாளிக்குள் தள்ளி, வாளியை வேலிக்கு வெளியே கொண்டுபோய் வைத்தேன். கை நடுங்கியது.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. "ஏனடா எறியிறாய், நாளைக்கும் ஒரு வெயில் காட்டினால் வரும்தானே" என்றா.