விட்சர் 4: நம்பிக் காத்திருக்கலாமா, அடக்கி வாசிக்கலாமா?

காட்டுவழி கேட்டது:

2024 டிசம்பரில் விட்சர் 4 வீடியோ கேமின் ட்ரெய்லர் வந்த நாளிலிருந்து எனக்குள்ளேயே இரண்டு கட்சி. விட்சர் 3 செய்த சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம்தானே, கண்ணை மூடிக்கொண்டு நம்பு என்கிறது ஒன்று. சைபர்பங்க் 2077-ஐ 2020-ல் அத்தனை பிழைகளோடு அந்தக் கோலத்தில் வெளியே விட்டவர்களும் இதே ஆட்கள்தான், மறந்துவிட்டாயா என்கிறது இன்னொன்று. இரண்டுமே சரியாகத்தான் படுகிறது, அதுதான் தொல்லை.

இதுவரை நாயகனாக இருந்த விட்சர் (பூத வேட்டைக்காரர்) கெரால்ட் போய், அவர் வளர்த்த பெண் சிரி நாயகியாவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் மூன்றாம் பாகத்தில் அவளாக ஆடிய கொஞ்ச நேரத்தில் நினைத்த இடத்தில் மறைந்து நினைத்த இடத்தில் தோன்றி, எதிரில் நின்றவர்களை எல்லாம் ஊதித் தள்ளிக்கொண்டிருந்தோமே, அப்படிப்பட்டவள் புது கேமின் முதல் லெவலில் நாலு ஓநாயிடம் கடிபட்டுச் செத்தால் யார் நம்புவது? சக்தி போய்விட்டது என்றால் எப்படிப் போனது என்று சொல்லியாக வேண்டும். அப்புறம் மூன்றாம் பாகத்தில் அவரவர் ஆட்டத்தைப் பொறுத்து மாறும் அந்தக் கதைமுடிவுகள். என் ஆட்டத்தில் சிரி பேரரசி ஆகிவிட்டாள். அரியணையில் இருக்க வேண்டியவள் வாளைத் தூக்கிக்கொண்டு கோவிர் நாட்டு மலையில் என்ன செய்கிறாள்? இதையெல்லாம் விட்டுவிட்டு, டெமோவில் குதிரையின் தசை எப்படி அசைகிறது பார் என்றே எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் எந்தக் கட்சி?

---

பழையசேவ் பதில்:

குதிரையின் தசையை வைத்தே ஆரம்பிக்கிறேன். 2025 ஜூனில் காட்டியது விட்சர் 4 கேம்பிளே இல்லை, கேம் உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் என்ஜின் 5-ன் திறமையைக் காட்டும் டெக் டெமோ. இதை சிடி ப்ராஜெக்ட் ரெட்டே தெளிவாகச் சொன்னது. சாதாரண பிளேஸ்டேஷன் 5-ல் ரே ட்ரேசிங்கோடு (ஒளியை நிஜம்போல் கணக்கிடும் முறை) நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடியது நிஜம்தான், பார்க்கவும் பிரமாதமாக இருந்தது. ஆனால் அந்தத் துறைமுகச் சந்தையில் நடமாடிய கூட்டத்துக்குப் பின்னால் குவெஸ்ட், சண்டை, உங்கள் பழைய முடிவுகளின் கணக்கு, பையில் இருக்கும் சாமான் என்று ஒரு முழு கேமின் சுமை ஏறும்போது என்ன மிஞ்சும் என்பதை அந்த டெமோவை வைத்துச் சொல்ல முடியாது. விட்சர் 3-க்கு 2013-ல் காட்டிய காட்சிகளுக்கும் 2015 மே மாதம் கைக்கு வந்ததற்கும் இருந்த வித்தியாசத்தை வைத்து எவ்வளவு சண்டை நடந்தது! சைபர்பங்க்கின் 2018 டெமோவில் சுவரில் ஏறிய காட்சி வெளிவந்த கேமில் இல்லவே இல்லை. வேண்டுமென்றே ஏமாற்றினார்கள் என்று சொல்ல வரவில்லை. முடியாத கேமை முன்கூட்டியே காட்டினால் இப்படித்தான் ஆகும்.

நான் அடக்கி வாசிக்கும் கட்சி. முன்பதிவு கிடையாது.

---

க்வென்போதும் பதில்:

சக்தி விஷயத்தில் எனக்கு அவ்வளவு கவலை இல்லை. ட்ரெய்லரிலேயே அவள் மருந்து குடிக்கிறாள், கண் பூனைக்கண்ணாகிறது, மந்திரக்குறி போடுகிறாள். மனிதரை விட்சராக மாற்றும் மூலிகைச் சோதனையைக் கடந்துவிட்டாள் என்று உருவாக்குபவர்களும் உறுதி செய்துவிட்டார்கள். பழைய சக்திக்கு அந்தச் சோதனையில் ஏதோ ஆகிவிட்டது என்று ஒரு கதை வைப்பது பெரிய வேலை இல்லை. வளர்ந்த பெண்ணுக்கு அந்தச் சோதனையை யார் செய்தது, ஏன் செய்தது என்பதுதான் கஷ்டமான கேள்வி. சிறுவர்களுக்கே அதில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை, கெரால்ட்டும் மற்றவர்களும் அதைக் கடைசிவரை வெறுத்தவர்கள். இதற்கு நல்ல பதில் வைத்திருந்தால் கதை பாதி ஜெயித்த மாதிரி. இரண்டு வரி வசனத்தில் தாண்டிப் போனால் எனக்கு அங்கேயே கேம் விட்டுப்போகும்.

---

கரடிப்பள்ளி பதில்:

எல்லோரும் கதையையும் கிராபிக்ஸையும் பிடித்துத் தொங்குகிறீர்கள். என் பயம் வேறு. விட்சர் என்பவன் தொழில்முறை வேட்டைக்காரன். எந்தப் பூதம் என்று கண்டுபிடித்து, அதற்கு ஏற்ற எண்ணெயை வாளில் தடவி, மருந்து குடித்து, அப்புறம் இறங்குவதுதான் அந்தத் தொழில். இந்த ஒரு விஷயத்தில் பாகத்துக்குப் பாகம் கேம் சோம்பேறியாகிக்கொண்டே வந்திருக்கிறது. இரண்டாம் பாகத்தில் சண்டை தொடங்கிய பிறகு மருந்து குடிக்கவே முடியாது, முன்பே உட்கார்ந்து தியானத்தில் குடித்துவிட்டுப் போக வேண்டும். எதிரில் என்ன வரும் என்று தெரியாததால் பாதி மருந்து வீணாகும் என்பதும் உண்மை, அது எரிச்சல்தான், ஆனால் யோசிக்க வைத்தது. மூன்றாம் பாகத்தில் ஒரு மருந்தை ஒரே ஒரு தடவை தயாரித்தால் போதும், பையில் சாராயம் இருந்தால் தியானம் செய்தவுடன் தானாக நிரம்பிவிடும். நடுத்தரக் கடினத்தில் எண்ணெயும் வேண்டாம், வெடியும் வேண்டாம், க்வென் என்ற மந்திரக் கேடயத்தைப் போட்டுக்கொண்டு உருண்டு உருண்டு அடித்தால் முக்கால்வாசி கேம் முடிந்துவிடும். (மேலே எழுதியவர் பெயரிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்.)

தடயம் தேடுவதும் அப்படித்தான். பட்டனை அழுத்திப் பிடி, சிவப்புக் கோட்டைப் பின்தொடர், கெரால்ட் தானே எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிவிடுவார். துப்பறிந்தது அவர், நான் கூடவே நடந்தேன், அவ்வளவுதான். கதை நன்றாக இருந்ததால் யாரும் பெரிதாகப் பேசவில்லை. வாள்களுக்கு லெவல் போட்டது இன்னொரு கூத்து: புராணகால வாள் ஒன்றைக் குகையில் கண்டெடுப்பீர்கள், கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒரு கொள்ளைக்காரன் இடுப்பில் இருக்கும் துருப்பிடித்த வாள் அதைவிடக் கூடுதல் சேதம் காட்டும்.

ஆகவே சிரி வந்தாலும் கெரால்ட் வந்தாலும் எனக்கு ஒன்றுதான். தயாராகாமல் போனால் தோற்க வேண்டும், தப்பாகத் துப்பறிந்தால் தப்பான பூதத்துக்குத் தயாராகிப் போய் மாட்டிக்கொள்ள வேண்டும். இதைச் செய்தால் நான் முதல் நாளே வாங்குவேன். மேப் எத்தனை மடங்கு பெரிது என்று வந்து சொன்னால் ஓடிவிடுவேன். மூன்றாம் பாகத்து மேப்பில் ஸ்கெல்லிகே தீவுகளின் கடலில் மிதந்த அந்தக் கேள்விக்குறிகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. படகில் போய்ப் போய்ப் பீப்பாய் உடைத்ததை விளையாட்டு என்று எந்த வாயால் சொல்வது.

---

லெத்தோவைவிட்டவன் பதில்:

@கரடிப்பள்ளி சாராய விஷயம் நூற்றுக்கு நூறு. ஆனால் கோடிக்கணக்கில் விற்ற கேம், 2023-லேயே 5 கோடி பிரதி தாண்டிவிட்டது, அதில் எத்தனை பேர் எண்ணெய் தடவ ஆசைப்பட்டு வாங்கினார்கள் சொல்லுங்கள்? உங்கள் ஆசை கடினமான மோடில் மட்டும் நிறைவேறினாலே பெரிய விஷயம்.

முடிவுகள் பற்றிக் கேட்டாரே, அதற்கு வருகிறேன். இந்தத் தொடரில் பழைய முடிவுகளுக்கு என்ன மரியாதை கிடைத்தது என்று பாருங்கள். இரண்டாம் பாகத்தில் ரோஷ், இயோர்வெத் என்ற இருவரில் யார் பக்கம் என்று தேர்ந்தெடுத்தால் நடு அத்தியாயமே வேறு ஊரில், வேறு ஆட்களோடு நடக்கும், ஒரு தடவை ஆடியவருக்குப் பாதிக் கதை தெரியவே தெரியாது. அவ்வளவு துணிச்சலாகச் செய்தவர்கள் மூன்றாம் பாகத்தில் என்ன செய்தார்கள்? கெரால்ட்டுக்குச் சவரம் செய்யும்போது ஒரு தளபதி பழைய முடிவுகளைப் பற்றி நாலு கேள்வி கேட்பார், அதோடு சரி. இரண்டாம் பாகத்து எதிரி லெத்தோவை உயிரோடு விட்டிருந்தால் ஒரு குவெஸ்டில் வருவான். இயோர்வெத் ஆளையே காணோம். டிராகன் ஏஜ் என்ற இன்னொரு கேம் தொடரில் இன்னும் மோசம், 2024-ல் வந்த தி வெயில்கார்டில் முந்தைய கேமிலிருந்து மூன்றே மூன்று முடிவுகள்தான் உள்ளே வந்தன, அதற்கு முன் பல ஆண்டுகள் ஆடிச் சேர்த்த உலகம் அம்போ.

எனவே உங்கள் பேரரசி சிரியைப் பற்றி இப்போதே துக்கம் அனுசரித்துவிடுங்கள். அவளுக்கு அரியணை பிடிக்கவில்லை, இறங்கி வந்துவிட்டாள் என்று ஒரு கடிதத்திலோ யாரோ ஒருவரின் பேச்சிலோ முடித்துவிடுவார்கள் என்பது என் ஊகம். எனக்கு அதில் ஆட்சேபமே இல்லை. விட்சர் 3-ன் மூன்று கதைமுடிவுகளுக்கும் மரியாதை செய்கிறேன் என்று எதையும் தெளிவாகச் சொல்லாத ஒரு மழுப்பல் கதையைவிட, ஒன்றைப் பிடித்துக்கொண்டு துணிந்து எழுதுவது மேல். ட்ரெய்லரில் சிரி ஒரு பெண்ணைப் பூதத்திடமிருந்து காப்பாற்றிவிட்டுத் திரும்பி வந்தால் ஊர்க்காரர்களே அவளைக் கொன்றிருப்பார்கள், பார்த்தீர்கள் இல்லையா? அதை எழுதியவர்களுக்கு இந்த உலகம் புரிந்திருக்கிறது. அந்த ஆறு நிமிடத்தில் எனக்கு நம்பிக்கை கொடுத்தது அது ஒன்றுதான், மற்றதெல்லாம் அலங்காரம்.

---

ஷேடர்ரெடியாகிறது பதில்:

கணினியில் ஆடுபவர்கள் சார்பாக ஒரு வார்த்தை. அன்ரியல் 5-ல் வந்த பல கேம்களில் இரண்டு விதத் திக்கல் உண்டு. ஒன்று, புது எஃபெக்ட் திரையில் வரும்போது அதற்கான ஷேடரை (அதை வரையும் சிறு நிரலை) அந்த நொடியில் தயாரிப்பதால் வருவது. அதைக் கேம் தொடங்கும்முன் தயாரித்துவைத்துப் பெருமளவு சமாளிக்கலாம். இன்னொன்று, நீங்கள் ஓட ஓட உலகத்தின் அடுத்த பகுதியை ஏற்றும்போது வருவது. ஓப்பன் வேர்ல்டுக்கு இதுதான் எமன், உங்களிடம் எவ்வளவு பெரிய கிராபிக்ஸ் கார்டு இருந்தாலும் காப்பாற்றாது. டெமோவில் குதிரையை வேகமாக ஓட்டிக் காட்டியது சும்மா அழகுக்கு இல்லை, இந்த இரண்டாவது பிரச்சினையைத்தான் அன்ரியலை உருவாக்கும் எபிக்குடன் சேர்ந்து தீர்க்கப் பார்க்கிறோம் என்று காட்டினார்கள். அது சரியானால் மற்ற அன்ரியல் கேம்களுக்கும் லாபம்.

சொந்த என்ஜினை விட்டது எனக்கு வருத்தம்தான். சைபர்பங்க் 2.0 பேட்சுக்குப் பிறகு அது எவ்வளவு நன்றாக ஓடுகிறது. ஒருவழியாகப் பழக்கிய குதிரையை விற்றுவிட்டார்கள்.

---

காட்டுவழி பதில்:

எல்லோருக்கும் நன்றி. @லெத்தோவைவிட்டவன் பேரரசி விஷயத்தை ஏற்றுக்கொள்ள இன்னும் மனம் வரவில்லை, ஆனாலும் மழுப்பலைவிடத் துணிச்சல் மேல் என்பது சரி. 2026 முடிவதற்குள் வராது என்று நிறுவனமே சொல்லிவிட்டதால் சண்டை போட நமக்கு நிறைய நேரம் இருக்கிறது. அடுத்து நிஜமான கேம்பிளே காட்டும்போது கரடிப்பள்ளி சொன்னதைத்தான் முதலில் பார்ப்பேன், அவள் சண்டைக்கு முன் ஏதாவது தயார் செய்கிறாளா என்று. முன்பதிவு பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை.

---

வடக்குச்சீட்டு பதில்:

இவ்வளவு பேசினீர்கள், மூன்றாம் பாகத்தின் சீட்டாட்டமான க்வென்ட் இருக்குமா என்று ஒருவராவது கேட்டீர்களா? உலகம் அழியப்போகிறது, வளர்த்த பெண்ணைக் காணவில்லை என்ற நிலையிலும் கெரால்ட்டை விடுதி விடுதியாகச் சீட்டாட வைத்த கூட்டம் நாங்கள். எங்கள் எதிர்பார்ப்பில் எந்தக் குழப்பமும் இல்லை.